பயிற்சி விமானத்தின் உடம்பைப் படிப்பது எப்படி? மாணவ விமானிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பைப்பர் பி.ஏ.28 வகை விமானங்களுக்காக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட ஓர் உத்தரவுக்குள் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பயிற்சிக்கும் வாடகைக்கும் பறந்த மணி நேரத்தை அப்படியே எழுத வேண்டும். சொந்தக்காரர் தன் விருப்பத்துக்குப் பறந்த மணி நேரத்தை 17ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 5,000 வருகிறதா? அப்படியானால் இறக்கையைத் தாங்கும் ஸ்பாரில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும்.

அந்த 17 என்ற எண்ணை நன்றாகப் பாருங்கள். பயிற்சிப் பள்ளியின் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை விமானியின் 17 மணி நேரத்துக்குச் சமம் என்று ஓர் அரசு நிறுவனமே கணக்குப் போட்டிருக்கிறது.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்தும், இடுக்கியின் பீர்மேடு, வண்டிப்பெரியார் தோட்டங்களிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது விமானிப் பயிற்சிக்குப் போகிறார்கள். சிலர் திருவனந்தபுரத்துக்கு, சிலர் மலை இறங்கித் தமிழ்நாட்டுக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. சேர்க்கும் முன் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “விமானம் புதியதா, பழையதா?” நான் ஹேங்கர் (விமானம் நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகை) பக்கத்து ஆள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் உங்களுக்கு எதையும் சொல்லாது என்பது என் கருத்து. வண்டிப்பெரியாரிலிருந்து சத்திரத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பும், கோட்டயத்தில் டாக்டர் ஓட்டும் ஜீப்பும் ஒரே கிலோமீட்டரைக் காட்டலாம். இரண்டில் எதை வாங்குவீர்கள்? மீட்டரைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. விமானத்தில் மட்டும் ஏனோ மீட்டரை நம்பிவிடுகிறோம்.

எடுத்துக்காட்டுகளுக்குச் செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படுவது அதுதான். உங்கள் விமானம் வேறாக இருந்தால் எண்களை அதன் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மூன்று எல்லைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

மட்டமாகப் பறக்கும்போது இறக்கை சுமப்பது விமானத்தின் எடையை. அது 1 ஜி; ஜி என்பது எடையின் மடங்கு. உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் 1.41 ஜி. 60 பாகையில் 2 ஜி. 75 பாகையில் 3.86 ஜி. சாய்வு கூடக் கூடச் சுமை எப்படித் தாவுகிறது என்று கவனியுங்கள்.

செஸ்னா 172எஸ், நார்மல் வகையில் 3.8 ஜி வரை அனுமதிக்கப்பட்டது. இது முதல் எல்லை. இதுவரை போனால் இறக்கை வளையும், சுமை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். நிரந்தரக் கோணல் வராது. இரண்டாவது எல்லை அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 5.7 ஜி. அந்தச் சுமையைக் கட்டுமானம் மூன்று விநாடி உடையாமல் தாங்கினால் போதும் என்பதுதான் சான்றளிப்பு விதி. உடையக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது, வளைந்தே நிற்கலாம். 3.8க்கும் 5.7க்கும் நடுவில் இருக்கும் பகுதியை விமானிக்கான உபரி என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. பொருளின் தரத்தில் வரும் ஏற்றத்தாழ்வு, தயாரிப்பில் வரும் சிறு பிசகு, வயது ஆகியவற்றுக்காக வடிவமைப்பாளர் ஒதுக்கிய இடம் அது.

இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடான ஃபிளாப்பை இறக்கிய நிலையில் அனுமதி 3.0 ஜியாகக் குறைந்துவிடும். தரையிறங்கும் கட்டத்தில் பதறிச் செங்குத்தாகத் திருப்பி இழுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது எல்லைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கையேட்டின் வேக அட்டவணையில் அதற்கு எண் கிடையாது. உலோகச் சோர்வு. 3.8ஐ ஒருமுறைகூடத் தொடாமலே ஓர் இறக்கை உடையலாம். ஒவ்வொரு முறை மேலெழும்போதும் ஸ்பாரின் கீழ்ப்பட்டை இழுபடுகிறது, தரையிறங்கியதும் தளர்கிறது. நடுவில் ஒவ்வொரு திருப்பமும் ஒவ்வொரு குலுக்கலும் அதற்கு ஒரு சிறு இழுப்பு. ஆணி செல்லும் துளையின் விளிம்பில்தான் அந்த இழுப்பு குவியும். விரிசல் அங்கே பிறக்கும். எஃகுக்கு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை இழுத்தாலும் சோர்வு வராது என்று சொல்லக்கூடிய ஓர் அடிமட்டம் உண்டு. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான அடிமட்டம் இல்லை. சிறிய இழுப்பும் கணக்கில் சேரும்.

2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில், பல்கலைக்கழகப் பயிற்சி விமானம் ஒன்று தொட்டுப் புறப்படும் பயிற்சி முடித்து மேலேறும்போது அதன் இடது இறக்கை கழன்று விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். பி.ஏ.28 குடும்பத்துப் பைப்பர் ஆரோ வகை, 2007இல் தயாரிக்கப்பட்டது, 7,691 மணி நேரம் பறந்திருந்தது. பதினொரு வயது விமானத்தைப் பயிற்சிப் பள்ளிகளின் கணக்கில் யாரும் பழையது என்று சொல்ல மாட்டார்கள். ஸ்பாரின் கீழ்ப்பட்டையில் ஆணித்துளையிலிருந்து சோர்வு விரிசல் பரவியிருந்தது. இறக்கை வேரின் உள்ளே மறைந்திருக்கும் இடம் அது. எந்த மாணவரும் எந்த விமானச் சுற்றுப் பார்வையிலும் அதைக் கண்டிருக்க முடியாது. 1987இல் டெக்சாஸின் மார்லின் அருகே இதே குடும்பத்து விமானம் இதே போல இறக்கையை இழந்தது. அது குழாய்வழிக் கண்காணிப்புக்காகத் தாழப் பறந்துகொண்டிருந்த விமானம். 7,488 மணி நேரம். இரண்டு விபத்துக்கும் நடுவே முப்பத்தொரு ஆண்டு. தாழ்வான உயரத்துக் குலுக்கலும், ஓயாத ஏற்ற இறக்கமும்தான் இரண்டு விமானங்களுக்கும் பொது. 17 என்ற எண் பிறந்த இடம் இதுதான்.

படி 2: மணி நேரத்தோடு தரையிறக்கத்தையும் கேளுங்கள்

சர்க்யூட் பயிற்சியில், அதாவது ஓடுபாதையைச் சுற்றி வந்து மறுபடி மறுபடி இறங்கி ஏறும் பயிற்சியில், ஒரு மணி நேரத்துக்கு ஆறு, ஏழு தரையிறக்கம் சாதாரணம். தொலைவுப் பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டும் பதிவேட்டில் “மணி” என்றுதான் ஏறும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737இன் மேற்கூரை பறந்த நிலையிலேயே பிய்ந்துபோனது. அது பறந்த மணி நேரம் 35,496. ஏறி இறங்கிய சுற்றுகளோ 89,680. தீவுக்குத் தீவு தாவும் குறும்பயணங்கள். பெரிய விமானத்தில் காற்றழுத்தம் ஏறி இறங்கும் கணக்கு அது. உங்கள் செஸ்னாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் மணிக்கும் சுற்றுக்கும் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இன்னொரு நுணுக்கம். இன்ஜின் சுழற்சியை அளக்கும் டேக்கோமீட்டரின் மணியைக் கொண்டு பராமரிப்புக் கணக்கு வைக்கும் இடங்களில், இன்ஜின் பயணச் சுழற்சி வேகத்தில் ஓடும்போதுதான் அந்த மணி சரியாக ஓடும். சர்க்யூட்டில் இன்ஜின் வேகத்தைக் குறைத்து இறங்கும்போதும், டாக்ஸி செய்யும்போதும் (தரையில் ஓட்டிப் போகும்போதும்) அது மெதுவாக நகரும். ஆக, விமானத்தின் உடம்பு அதிகம் அடி வாங்கும் நேரத்தில்தான் அதன் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. சூழ்ச்சி எதுவும் இல்லை, கருவியின் இயல்பு அப்படி. பள்ளியில் எந்த மணியை எழுதுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மனூவரிங் வேகத்தை முழுதாக நம்பாதீர்கள்

வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் மனூவரிங் வேகம், அதாவது ஒரு கட்டுப்பாட்டை முழுதும் இழுத்தாலும் கட்டுமானம் தாங்கும் என்று கணக்கிட்ட வேகம், செஸ்னா 172எஸ்ஸில் 2,550 பவுண்டு எடைக்கு 105 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). 2,200 பவுண்டுக்கு 98. 1,900 பவுண்டுக்கு 90. எடை குறைந்தால் வேகமும் குறைகிறது. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். கனமான விமானம் ஏற்கெனவே அதிகக் கோணத்தில் பறந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தாலே ஸ்டால் ஆகிவிடும் (இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்), அந்த ஸ்டாலே இறக்கையைக் காப்பாற்றும். லேசான விமானம் ஸ்டால் ஆகும் முன் அதிக ஜி வாங்கிவிடும். பயிற்றுநர் இல்லாமல் முதல் சோலோ போகும் மாணவர் நேற்றுக் கற்ற வேகத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், இன்றைய எடைக்கு அது அதிகம்.

வி.ஏ. தரும் பாதுகாப்பு ஒரு கட்டுப்பாட்டுக்கு, ஒரு திசையில், ஒரு முறைக்கு. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 அதை உலகுக்குக் காட்டியது. முன்னால் போன 747இன் கொந்தளிப்பில் சிக்கிய துணை விமானி ரட்டரை (வாலின் செங்குத்துத் திருப்புத் தகடு) இடமும் வலமுமாக முழுதும் மாற்றி மாற்றி மிதித்தார். விமானம் வி.ஏ.வுக்குக் கீழான வேகத்தில்தான் இருந்தது. செங்குத்து வால் பிய்ந்துபோய், தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். அந்த வேகத்துக்குக் கீழே என்ன செய்தாலும் தாங்கும் என்று நம்பிய விமானிகள் அன்றைக்கு ஏராளம். இன்றைக்கும் பயிற்சிப் பள்ளி டீக்கடையில் அப்படிச் சொல்பவரைக் காணலாம், மறுத்துப் பேசுங்கள்.

நம் ஊர்க் காற்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத் திறப்பு. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அதன் வழியே நெருக்கிக்கொண்டு கிழக்கே போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதற்குக் காரணம் வேறென்ன? கணவாயின் இரு பக்கச் சுவர்களை ஒட்டி, குறிப்பாக ஆனைமலையின் மறைவுப் பக்கத்தில், அந்தக் காற்று சுருண்டு புரளும். அந்தப் பக்கம் பறக்கும் நாளில் குலுக்கல் தொடங்கும் முன்பே வேகத்தை அன்றைய எடைக்கான வி.ஏ.வுக்குக் குறைத்துவிடுங்கள். உயரம் நூறு அடி கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடாமல் இறக்கையை மட்டமாக வைத்திருந்தால் போதும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எதிராக எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) இழுப்பவர், காற்று கொடுக்கும் சுமையோடு தன் சுமையையும் சேர்க்கிறார்.

படி 4: தவறான பயன்பாடு எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தரையிறக்கத்திலிருந்தே தொடங்கலாம். சிறு விமானங்களின் சக்கர அமைப்பு பொதுவாக விநாடிக்கு ஏழு முதல் பத்து அடி இறங்கு வேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. லிஃப்ட் (தூக்குவிசை) முழுதும் போய்விட்ட விமானம் வெறும் இரண்டடி உயரத்திலிருந்து விழுந்தால்கூட விநாடிக்குப் பதினொரு அடியைத் தாண்டிவிடும். இறக்கையில் கொஞ்சம் லிஃப்ட் மிச்சம் இருப்பதால்தான் பெரும்பாலான மாணவர்களும் விமானங்களும் தப்பிக்கிறார்கள்.

பலமாக விழுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது முன்சக்கரம் முதலில் தொடுவது. பிரதான சக்கரங்கள் அடி வாங்கவே செய்யப்பட்டவை. முன்சக்கரமோ இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் ஏறியிருக்கிறது. வேகம் அதிகமாக வந்து, பொறுமையில்லாமல் மூக்கை அமுக்கினால் விமானம் துள்ளும். துள்ளலை அடக்க மறுபடி அமுக்கினால் இரண்டாம் துள்ளல் பெரிதாகும். மூன்றாவது தொடுதலில் ஃபயர்வால் தகடு சுருங்கும், சில நேரம் புரொப்பெல்லர் நுனி தரையைத் தொடும். முதல் துள்ளலிலேயே முழு பவர் கொடுத்து மேலே போய்விட்டால் செலவு ஐந்து நிமிட எரிபொருள்.

பக்கக் காற்றில் கோணலாகவே இறங்கினால் சக்கரக் கால்கள் பக்கவாட்டில் முறுக்கப்படும். 172எஸ்ஸுக்குக் கையேடு காட்டும் பக்கக்காற்று 15 நாட். மாணவருக்கு அதில் பாதிகூட அதிகம் என்று நான் சொன்னால் சில பயிற்றுநர்கள் சிரிப்பார்கள்.

ஃபிளாப். பத்து பாகை வரை 110 நாட். அதற்கு மேல் 85 நாட். 172எஸ்ஸில் 95 நாட்டில் இருபது பாகை இறக்கிவிட்டு, “ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்கள் உண்டு. ஃபிளாப் ஓடும் தண்டவாளமும் உருளைகளும் அந்த ஒவ்வொரு முறையையும் நினைவில் வைத்திருக்கும்.

ஸ்டால் ஆன விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின் பற்றிய கணக்கை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 172எஸ்ஸில் ஸ்பின் யுட்டிலிட்டி வகையில் மட்டுமே அனுமதி: பின்னிருக்கை காலி, சாமான் இடம் காலி, எடை 2,200 பவுண்டுக்குள். காலி விமானம் ஏறத்தாழ 1,650 பவுண்டு. எழுபத்தேழு கிலோ எடையுள்ள இருவர் 340 பவுண்டு. டாங்க் நிறைய எரிபொருள் 318 பவுண்டு. கூட்டினால் 2,300ஐத் தாண்டுகிறது. பின்னால் ஒரு பையும் இல்லாமலே எல்லை போய்விட்டது. காலை முதல் பறப்புக்கு டாங்க் நிரப்பி வைப்பது பல இடங்களில் வழக்கம்; அந்த விமானத்தை அப்படியே ஸ்பினுக்கு எடுத்துப் போவதுதான் தவறான பயன்பாடு. யாரும் அதை ஒரு குற்றமாக உணர்வதுகூட இல்லை.

1998இல் கனடாவின் கியூபெக்கில் செஸ்னா 152 ஒன்று ஸ்பின் பயிற்சியிலிருந்து மீளாமல் விழுந்தது. ரட்டர் தன் தடுப்பைத் தாண்டிப்போய் அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது. பின்னர் அந்தத் தடுப்பை மாற்றும்படி உத்தரவு வந்தது. 152இல் பறப்பவர்கள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பறக்காத நேரத்திலும் விமானம் அடி வாங்குகிறது. திருப்புவதற்காக வாலின் கிடைத் தகட்டை அமுக்கி மூக்கைத் தூக்குவது நம் நாட்டு ஏப்ரன்களில் (விமானம் நிறுத்தும் தளங்களில்) சர்வ சாதாரணம். ஸ்டெபிலைசர் எனப்படும் அந்தத் தகட்டின் முன் ஸ்பார் இப்படித்தான் விரிசல் விடுகிறது. இழுகோலைத் தேடிப் போகும் சோம்பல்தான் காரணம். இழுகோல் கிடைத்தாலும் முன்சக்கரத்தை முப்பது பாகைக்கு மேல் முறுக்கக் கூடாது. மாலை மழைக்கு முன் வரும் திடீர்க் காற்றில் கட்டுப்பாட்டுப் பூட்டுப் போடாமல் நிற்கும் விமானத்தின் எலிவேட்டரும் ரட்டரும் தடுப்பில் மோதி மோதி அடிபடும். கட்டுக்கயிறும் பூட்டும் மாணவர் வேலை. ஹேங்கர் உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று போய்விடாதீர்கள்.

படி 5: சுற்றிப் பார்க்கும்போது கையால் பாருங்கள்

வாக்-அரவுண்ட் என்பது பட்டியலில் டிக் போடும் சடங்காகிவிட்டது. வெயில் சாய்ந்திருக்கும் காலை நேரம் இதற்கு ஏற்றது. தகட்டின் மீது கண்ணைத் தாழ்த்தி, ஒளியின் போக்கில் பாருங்கள். இறக்கை வேருக்கு அருகிலும், கதவுக்குப் பின்னாலும், இன்ஜின் மூடிக்குப் பின்பக்கத் தகட்டிலும் அலை போன்ற சுருக்கம் தெரிந்தால் அது அதிகச் சுமையின் கையெழுத்து. ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கோடு போல் அழுக்கு வழிந்திருந்தால் அந்த ரிவெட் உள்ளே அசைகிறது. அசைவில் உராய்ந்த அலுமினியப் பொடிதான் அந்தக் கறுப்பு. துடைத்துவிட்டு, இரண்டு பறப்பு கழித்து மறுபடி பாருங்கள். திரும்ப வந்தால் எழுதுங்கள். இறக்கை வேரில் நீலக் கறை இருந்தால் அது எரிபொருள். 100எல்எல் பெட்ரோலின் நிறம் நீலம். டாங்க் கசிவுக்கு இறக்கையின் முறுக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்சக்கரக் காலின் பளபளப்பான உருளைப் பகுதி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று தினமும் பாருங்கள். நேற்றைவிடக் குறைந்தால் காரணம் வேண்டும். வாலின் அடிப்பக்கக் கட்டு வளையம் தேய்ந்து பளிச்சென்றிருந்தால் யாரோ மூக்கை அதிகம் தூக்கி வாலைத் தரையில் தேய்த்திருக்கிறார்கள். ஸ்டெபிலைசர் நுனியை மெதுவாகப் பிடித்து அசைத்து, சத்தத்தைக் கேளுங்கள். புரொப்பெல்லர் நுனிகளை விரலால் வருடுங்கள். கதவு முன்பைவிடச் சிரமப்பட்டு மூடுகிறதா? சட்டகம் நகர்ந்திருக்கலாம்.

இருக்கையில் உட்கார்ந்ததும், அது தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று முன்னும் பின்னும் உந்திப் பாருங்கள். மேலேறும்போது செஸ்னா இருக்கை பின்னால் வழுக்கினால், விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கும் கூடவே பின்னால் வரும். தண்டவாளத்தின் தேய்மானத்தைச் சோதிக்கும்படி தனி உத்தரவே பல ஆண்டுகளாக இருக்கிறது.

கேரளத்துக்கென்று ஒரு கூடுதல் வேலை உண்டு: துரு. திருவனந்தபுரம் ஓடுபாதை சங்குமுகம் கடற்கரையை ஒட்டியது. உப்புக் காற்றும் ஆறு மாத ஈரமும் சேர்ந்தால் பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள் வரும். துரு அரித்த குழி, சோர்வு விரிசலுக்குத் தொடக்கப் புள்ளி, இரண்டும் கூட்டாளிகள். நல்ல தண்ணீரில் கழுவுகிறார்களா, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை விசாரியுங்கள்.

என்.சி.சி.யில் இருக்கும் இடுக்கிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சத்திரத்தில் 650 மீட்டர் ஓடுபாதையில் 2022 டிசம்பரில் இறங்கிய வைரஸ் எஸ்.டபிள்யூ.80 என்ற சிறு விமானம், உலோகத் தகடால் ஆனதல்ல. இழைக் கலவையால் ஆனது. அதில் சுருக்கம் தேடிப் பயனில்லை. வெளியே ஒரு சின்ன அடிதான் தெரியும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். தீர்ப்பை ஏ.எம்.இ.யிடம் (விமானப் பராமரிப்புப் பொறியாளரிடம்) விடுங்கள், சந்தேகத்தை நீங்கள் எழுப்பினால் போதும்.

படி 6: காகிதங்களைப் படியுங்கள்

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கடைசியாகப் பலமான தரையிறக்கச் சோதனை எப்போது நடந்தது? இறக்கை, வால், ஃபயர்வால் ஆகியவற்றில் பெரிய பழுதுபார்ப்பு உண்டா? கட்டாய உத்தரவுகள், தயாரிப்பாளரின் வயது சார்ந்த கூடுதல் சோதனைகள் நிறைவேறியதற்கான பதிவு எங்கே? தள்ளிவைக்கப்பட்ட குறைகள் எத்தனை?

பல மாதம் பறந்த பயிற்சி விமானத்தின் பதிவேட்டில் ஒரு பலமான தரையிறக்கம்கூட எழுதப்படவில்லை என்றால் மகிழாதீர்கள். மாணவர்கள் எல்லாரும் வெண்ணெயாகத்தான் இறக்கினார்கள் என்று நான் நம்ப மாட்டேன். எழுதப் பயந்திருக்கிறார்கள்.

முள் கருவிகளுக்குப் பதிலாகக் கணினித் திரை வைத்த விமானமாக இருந்தால் இன்னொரு சாட்சி உண்டு. ஜி1000 போன்ற அமைப்புகள் செங்குத்து ஜியை விநாடிக்கு ஒருமுறை நினைவட்டையில் பதிகின்றன. தரையைத் தொடும் உச்ச அடி ஒரு விநாடிக்குள் வந்து போய்விடும் என்பதால் உண்மையான உச்சம் அதில் சிக்காமல் போகலாம். திருப்பங்களிலும் இழுப்புகளிலும் போட்ட ஜி நன்றாகவே சிக்கும். அந்தத் தகவலைப் பள்ளி எடுத்துப் பார்க்கிறதா, அட்டை நிரம்பியதும் அழிக்கிறதா?

படி 7: அதிகச் சுமை கொடுத்துவிட்டால்

விமானத்தை நிறுத்துங்கள். பலமாக விழுந்த பிறகு “இன்னொரு சர்க்யூட் போய் மனத்தைத் தேற்றிக்கொள்” என்பது பழைய பயிற்றுநர்களின் வழக்கம். மனத்துக்கு நல்லதாக இருக்கலாம், ஃபயர்வாலுக்கு அல்ல. ஓடுபாதையைக் காலி செய்து, டாக்ஸி செய்யும்போது பெடலில் அதிர்வு, இழுப்பு, புதிய சத்தம் இருக்கிறதா என்று கவனித்து, ஏப்ரனில் அணைத்துவிடுங்கள்.

அடுத்து ஸ்னாக், அதாவது பதிவேட்டில் குறைக் குறிப்பு, எழுத வேண்டும். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். “ஹார்ட் லேண்டிங்” என்று இரண்டு சொல்லில் முடித்தால் ஏ.எம்.இ. எங்கே தொடங்குவார்? எது முதலில் தொட்டது, எத்தனை துள்ளல், ஃபிளாப் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பிறகு என்ன உணர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். பதிவேடு ஆங்கிலத்தில்தான் இருக்கும், உள்ளடக்கம் இப்படி அமையலாம்: “முன்சக்கரம் முதலில் தொட்டு இரண்டு முறை துள்ளியது. ஃபிளாப் முப்பது பாகை. இருவர், டாங்க் பாதி. இடப்பக்கக் காற்று எட்டு நாட். பின்னர் டாக்ஸியில் ரட்டர் பெடலில் அதிர்வு.” ஃபிளாப் வேகம் மீறினால் எத்தனை நாட், எத்தனை பாகை, எத்தனை விநாடி. ஊகம் வேண்டாம், மன்னிப்புக் கோரலும் வேண்டாம்.

ஏ.எம்.இ. அதைப் படித்துவிட்டு இன்ஜின் மூடியைக் கழற்றி ஃபயர்வாலையும் இன்ஜின் தாங்கியையும் பார்ப்பார். சக்கரக்கால் பொருந்தும் இடம், டயர், பிரேக், புரொப்பெல்லர், இறக்கை இணைப்பு, வால் என்று போவார். உங்கள் நாலு வரி அவருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பயிற்றுநரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே எளிது: “சார், கடைசி லேண்டிங்கில் மூக்கு முதலில் பட்டது. அடுத்த மாணவருக்குக் கொடுக்கும் முன் ஏ.எம்.இ. பார்க்கட்டும். நானே எழுதிவிடுகிறேன்.” நல்ல பயிற்றுநர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுபவரிடம் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று யோசியுங்கள்.

பலமாக இறக்கிய மாணவரிடம் பழுதுச் செலவை வசூலிக்கும் நடைமுறை சில பள்ளிகளில் உண்டு. ஒழுங்கு வரும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வருவது மௌனம்தான். தோட்டத்து வீட்டை அடகு வைத்துப் படிக்க வந்த பையன், ஒரு துள்ளலுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும் என்றால் வாயைத் திறப்பானா? அடுத்த பறப்பில் அந்த இருக்கையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை உட்காரும்.

படி 8: சேரும் முன் நேரில் போய்க் கேளுங்கள்

வணிக விமானி உரிமத்துக்கு இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி நேரம். அத்தனை மணியும் நீங்கள் இந்த விமானங்களில்தான் உட்காரப்போகிறீர்கள். பணம் கட்டும் முன் ஒரு நாள் செலவழித்துப் போய்விட்டு வாருங்கள். வரவேற்பறையில் அதிக நேரம் வேண்டாம். ஹேங்கரைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

அங்கே ஏ.எம்.இ. கிடைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். மாணவர்கள் தாங்களாக வந்து ஸ்னாக் எழுதுகிறார்களா? ஒரு விமானத்தை நீங்கள் நிறுத்தினால் மேலே யாராவது போன் செய்து அவசரப்படுத்துகிறார்களா? இரண்டாவது கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லாமல் போகலாம்; முகத்தைப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு, நீங்கள் எழுதிய ஸ்னாக்குக்கு எதிரே என்ன பதில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மறுநாள் போய்ப் படியுங்கள். எதைத் திறந்தார்கள், எதை அளந்தார்கள், கையேட்டின் எந்தப் பகுதிப்படி என்று இருந்தால் வேலை நடந்திருக்கிறது. “சோதிக்கப்பட்டது, திருப்தி” என்று மட்டும் இருந்தால் ஒருமுறை விட்டுவிடலாம். அதே பெடல் அதிர்வுக்கு அதே இரண்டு சொல் மூன்றாவது முறையும் வந்தால், பக்கத்தைப் புரட்டித் தேதிகளைக் குறித்துக்கொண்டு, தலைமைப் பயிற்றுநரையும் பராமரிப்புப் பொறுப்பாளரையும் ஒரே நேரத்தில் சந்தியுங்கள். அதுவரை அந்த விமானம் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டால் மாற்று விமானம் கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.